சனிக்கிழமை மேஸ்திரி

சனிக்கிழமை காலை ஏழரைக்கு முதல் ஓட்டை விழும். சுவர் பக்கத்து வீட்டுக்காரருடையது, அதிர்வது என் கட்டில். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டால் டிரில் நிற்கும். அப்பாடா என்று கண்ணை மூடினால் சுத்தியல் ஆரம்பிக்கும். பத்து வருடமாக இதே கதைதான். தெருவில் அவருக்குச் ‘சனிக்கிழமை மேஸ்திரி’ என்று பெயர். வைத்தவன் நான். அது அவருக்கும் தெரியும், கோபம் கிடையாது.

மற்ற நாட்களில் அவர் ஒரு பேருந்து நிறுவனத்தில் நேர அட்டவணை போடுகிறவர். ஆறு பன்னிரண்டு என்று அவர் போட்டால் வண்டி ஆறு பன்னிரண்டுக்குக் கிளம்பும். வீட்டில் மட்டும் எதுவும் போய்ச் சேர்ந்ததில்லை. தோட்டத்துக்குப் போகிற கல் பாதை நாலாவது கல்லோடு நிற்கிறது. மழைநீர்த் தொட்டிக்கு மூடி தயார், தொட்டிதான் இன்னும் வரவில்லை. சமையலறைக் கதவு இடிக்கிறது என்று இழைக்க ஆரம்பித்தார். இழைத்த இழைப்பில் இப்போது அது காற்றுக்கே திறந்துகொள்கிறது. “முக்கால்வாசி முடிஞ்சுது தம்பி, மிச்சம் சும்மா ஊதித் தள்ளிடலாம்” என்பார். அந்த மிச்சம் மூன்று வருடம் அப்படியே கிடக்கும்.

ஆள் வைத்துச் செய்யலாமே என்று யாராவது சொன்னால் முகம் சுருங்கிவிடும். “வர்றவன் வேலையை முடிச்சுட்டுப் போயிடுவான். இங்க இருக்கப்போறது யாரு? நாமதானே?”

அவர் மனைவியை நான் அக்கா என்பேன். அளக்கிற டேப்பின் மறுமுனை எப்போதும் அக்கா கையில்தான். “அந்தப் பக்கம் புடி” என்று குரல் வந்ததும் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து நிற்பார். “இந்த மனுஷனுக்கு வாக்கப்பட்டு, டேப் புடிச்சே என் ஆயுசு போச்சு” என்று எனக்குக் கேட்கும்படி அங்கலாய்ப்பார். ஆனால் பிடித்த டேப்பை விட்டதில்லை.

நாலு மாதத்துக்கு முன் ஒரு காலை, தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அக்கா குழாயை மூடாமலே சாய்ந்தார். பக்கவாதம். ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறிப்போனது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மகள் வீட்டுக்குப் போனார். அது மூன்றாவது மாடி. மகள், மருமகன் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்தால் பத்தடி நடப்பார் என்று பயிற்சி கொடுக்கிறவர் சொன்னபோது, மகள் அப்பாவிடம் வெளிப்படையாகப் பேசினாள்.

“வீட்டை அம்மாவுக்குத் தோதா பண்ணுங்கப்பா. வந்து பார்க்கிறேன். சரியா இருந்தா கூட்டிட்டு வந்துடறேன். இல்லைன்னா முதியோர் இல்லத்துலதான் சேர்க்கணும். எனக்கு வேற வழி தெரியல.”

அதன்பிறகு ஆறு வாரம் நான் தூங்கவில்லை, திட்டவும் இல்லை. வாசல் படியை மூடிச் சரிவுப் பாதை போட்டார். சக்கர நாற்காலியில் தானே உட்கார்ந்து சோதித்துப் பார்த்தார். விட்ட வேகத்தில் தெருவில் நின்ற என் வண்டி மேல் வந்து மோதினார். “கொஞ்சம் செங்குத்தா போச்சு” என்று முழங்கையைத் துடைத்துக்கொண்டு, மறுநாளே அதை உடைத்து நீளமாகப் போட்டார். தக்காளிப் பாத்தியைப் பலகை அடித்து நாற்காலி உயரத்துக்குத் தூக்கினார். டேப்பின் மறுமுனைக்குத்தான் ஆள் இல்லை. முதல் வாரம் செங்கல்லைத் தூக்கி வைத்து அளந்தார். பார்க்கச் சகிக்கவில்லை. நானே போய்ப் பிடித்துக்கொண்டேன்.

படுக்கையறையிலிருந்து கழிவறைக்குப் போகிற நடைவழிதான் பெரிய வேலை. அந்தச் சுவரில் இடுப்புக்குச் சற்று மேலே ஒரு மங்கலான கறை நீளமாக ஓடியது. அக்கா போகும்போதெல்லாம் சுவரைத் தொட்டுக்கொண்டே போவார். ஈரக் கையும் எண்ணெய்க் கையும் வருடக்கணக்கில் தடவித் தடவி ஏறிய கறை அது. பெயிண்ட் அடித்தபோதெல்லாம் அதற்காகச் சண்டை நடந்ததை நானே கேட்டிருக்கிறேன். இப்போது மேஸ்திரி அந்தக் கறையின் மேலேயே மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை வைத்தார்.

“இத்தனை அடி உயரம்னு டாக்டர் சொன்னாரு. அது ஊருக்கெல்லாம் பொதுவா சொல்றது தம்பி. அவ கை எங்க போகும்னு இந்தச் சுவத்துக்குத் தெரியும்.”

கறை போன வழியிலேயே, பிடித்து நடக்க மரக் கம்பி போனது. பன்னிரண்டு தாங்கிகள். உப்புத்தாள் போட்டு, கையில் சிலாம்பு ஏறாதபடி மூன்று பூச்சு அடித்து, இரண்டு முனைக்கும் குமிழ் வைத்தார். கடைசியில் காலைத் தூக்கி அதில் தொங்கினார். “என்னையே தாங்குது, அவளைத் தாங்காதா?” பத்து வருடத்தில் அவர் முழுசாக முடித்து நான் பார்த்த முதல் வேலை அது. சொல்லவும் செய்தேன். வெட்கப்பட்டார்.

போன ஞாயிறு மத்தியானம் மகள் வந்தாள். சரிவில் ஏறி இறங்கிப் பார்த்தாள். பாத்தியைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கியது. “நல்லா பண்ணியிருக்கீங்கப்பா” என்றாள். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு பெருமை. நடைக்குள் வந்து கம்பியைப் பிடித்து நாலடி நடந்தவள் நின்றுவிட்டாள். பிடித்திருந்த தன் கையையே பார்த்தாள்.

“அப்பா, அம்மாவுக்கு விழுந்தது வலது கைப்பா.”

கழிவறைக்குப் போகிறபோது கம்பி இருந்தது வலது பக்கம். எதிர்ப்பக்கம் முழுக்க அவர் கையால் அடித்த மெல்லிய பலகை அலமாரி. ஒரு பூனை சாய்ந்தால்கூடத் தாங்காது. கூடவே நின்று அளவு பிடித்தவன் நான், எனக்கும்தான் தோன்றவில்லை. ஏதாவது சொல்லவேண்டுமே என்று, “திரும்பி வர்றப்ப இடது கைக்கு வரும்ல சார்?” என்று உளறினேன்.

“போனாத்தானே தம்பி திரும்பி வர” என்றார். கம்பியை ஒருமுறை தடவினார். “தினம் சாயங்காலம் போய் அந்தக் கையைத்தான் ஒரு மணி நேரம் நீவி விட்டுட்டு வர்றேன். அந்தக் கையைத்தான்.”

பிறகு மகளிடம் திரும்பி, “ஒரு வாரம் குடும்மா. அலமாரியைப் பிரிச்சுட்டு இந்தப் பக்கம் அடிச்சுடறேன்” என்றார்.

“நீங்க எதைப்பா ஒரு வாரத்துல முடிச்சிருக்கீங்க?”

சொன்னதும் அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் தோளில் முகத்தை வைத்து அழுதாள். ஆனாலும் சொன்னதை மாற்றவில்லை. இல்லத்தில் இடம் வந்துவிட்டது, மறுநாள் காலை பத்து மணிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். “வாரா வாரம் போய்ப் பாருங்கப்பா, பக்கம்தானே” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, வரவும் மனசில்லை. பாவி மனுஷன் உட்கார்ந்து அழுதாலாவது தேவலை என்றிருந்தது. அவர் கொடியில் கிடந்த துண்டை எடுத்து வந்து வலது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கினார்.

“கட்டு தம்பி. இடது கை எங்க போகுதுன்னு பாக்கணும். ஒத்தைக் கையால முடிச்சு வரல.”

கட்டினேன். அக்கா படுக்கிற பக்கம் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். இடது கையை ஊன்றி எழுந்தார். பாதி எழும்பும்போது உடம்பு சாய்ந்தது. அவ்வளவுதான், கட்டிய கை துண்டை உருவிக்கொண்டு வந்து கட்டில் சட்டத்தைப் பிடித்துவிட்டது. விழாமல் நின்றவர் அந்தக் கையை வெறுப்போடு பார்த்தார்.

“கூப்பிடாமயே வந்துடுது” என்று மறுபடி முதுகுக்குப் பின்னால் மடக்கி, என் பக்கம் திரும்பி நின்றார். “இன்னும் இறுக்கிக் கட்டு.”