மூன்று வீடு முன்னால் இறங்கிய மாதா

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். பத்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆரணியில் அன்பியம் எப்படி நடக்கிறது என்று பார்த்துவந்து நம் தேவாலயப் பங்கு மலருக்கு எழுதும்படி பங்குச் சாமியார் சொன்னார். போய் வந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் எழுதுகிறேன். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1999 அக்டோபர், ஒரு சனிக்கிழமை. காலை 9.10-க்குத் தெள்ளாரில் ஏறினேன். வந்தவாசிக்கு மூன்று ரூபாய். அங்கே 10.15-க்கு ஆரணி பஸ், ஒன்பது ரூபாய், ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர்.

"ஆரணிக்கா? கல்யாணப் பொடவையாம்மா?" என்றார் கண்டக்டர்.

"இல்லீங்க, செபத்துக்கு."

"பொடவை எடுக்காம ஆரணிக்குப் போற மொத ஆளு நீங்கதான்" என்று டிக்கெட்டைக் கிழித்தார். பின்சீட்டில் சிரித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சேத்துப்பட்டு வந்தபோது மாதா கோயில் கோபுரத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டேன்.

12.05-க்கு ஆரணி. அன்பியத் தலைவி ஸ்டெல்லா அக்கா பஸ் ஸ்டாண்டிலேயே காத்திருந்தார். இரண்டு கிலோமீட்டர் நடந்தோம். அவர் தெருவில் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். அறுபது வீடுகளில் பதினோரு வீடுகள் கத்தோலிக்கருடையவை. அந்தப் பதினோரு வீடும் சேர்ந்ததுதான் அன்பியம். நம் பங்கில் இன்னும் தொடங்காததால் விளக்குகிறேன்: அக்டோபர் முழுக்க மாதா சுரூபம், அதாவது சிலை, முறை வைத்து வீடு வீடாகச் சுற்றி வருகிறது. ஒரு வீட்டில் செபமாலை சொல்லி அங்கேயே தங்கவைக்கிறார்கள். மறுநாள் மாலை அந்த வீட்டார் சுமந்துபோய் அடுத்த வீட்டில் விடவேண்டும். மேசையில் வைத்து மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டால் மறுநாள் மாலைவரை யாரும் எடுக்கக்கூடாது.

மாலை ஆறு மணி. அன்று செபஸ்தியான் வீட்டு முறை. முந்தின நாள் தன் வீட்டில் தங்கிய ஒன்றரை அடிச் சுரூபத்தை அக்கா என் கையில் கொடுத்தார்.

"நான் வேணாங்கக்கா."

"வெளியூர்லேந்து யாராச்சும் வந்தா அவங்கதான் தூக்கணும். மாதா ஒண்ணும் கடிக்கமாட்டாங்க. வாசல்ல வெள்ளத்துணி போட்ட மேசை இருக்கும், அதுல வெச்சிடுங்க."

பாட்டுப் பாடிக்கொண்டு முப்பது பேர் பின்னால் வந்தார்கள். தெருவே பார்ப்பது போலிருந்தது. தலையை நிமிர்த்தாமல் நடந்தேன். இடப்பக்கம் வெள்ளைத் துணி தெரிந்தது, ஓரத்தில் செவ்வந்திப் பூ. திரும்பி வைத்தேன். அங்கே நின்றிருந்த பெண் உடனே மெழுகுவர்த்தியை ஏற்றினாள். அவசரத்தில் இரண்டு குச்சி வீணானது.

பின்னால் பாட்டு பாதியில் நின்றுவிட்டது.

செபஸ்தியான் மனைவி ஓடிவந்தார். "இங்க இல்லம்மா! எங்க வீடு இன்னும் மூணு வீடு தள்ளி! எடுங்க, ஜல்தி!"

எனக்குக் காது சூடாகிவிட்டது. பக்கத்தில் ஒருவர் மெதுவாக விவரம் சொன்னார். அந்தப் பெண் பிலோமினா. பன்னிரண்டு வருடத்துக்கு முன் நெசவாளி கன்னியப்பனை அம்மன் கோயிலில் கல்யாணம் செய்துகொண்டாள். அதிலிருந்து அவள் பெயர் அன்பியத்தின் வீட்டு வரிசையில் இல்லை.

"வருசா வருசம் மேசை போட்டு வெக்கிறா. நாங்க பாத்துகினே போய்டுவோம்" என்றார் அவர்.

கன்னியப்பன் தறிக்குழியிலிருந்து ஏறி, சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். "வழி தவறிட்டீங்களா? பரவால்லங்க, எடுத்துகினு போங்க. இவ ஒண்ணும் நெனச்சிக்கமாட்டா" என்றார்.

பிலோமினா மேசைத்துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எடுக்கச் சொன்னால் எடுத்துவிடவேண்டியதுதான் என்று கையை நீட்டினேன். மனம் வரவில்லை. வாயைத் திறந்து, "மெழுகுவத்தி ஏத்தியாச்சுங்களே" என்று மட்டும் சொன்னேன். எனக்கே கேட்காத குரல்.

ஸ்டெல்லா அக்கா என்னைப் பார்த்தார், மெழுகுவர்த்தியைப் பார்த்தார். பிறகு சிலுவை போட்டுக்கொண்டு தெருவிலேயே முட்டி போட்டார்.

"அப்போ நாப்பது பேருக்குச் சுண்டல் செஞ்சி வெச்சிருக்கேனே, அத்த இன்னா பண்றது?" என்றார் செபஸ்தியான் மனைவி.

"இங்க தூக்கிகினு வா. மூணு வீடு நடந்தா சுண்டல் தேஞ்சிடுமா?" என்றார் ஸ்டெல்லா அக்கா.

செபமாலையின் முதல் பத்து மணிக்கான மந்திரத்தை வீட்டுக்காரர் சொல்லவேண்டும் என்பது அங்கே வழக்கம். பிலோமினா ஆரம்பித்தாள். இரண்டாவது மணியிலேயே 'கர்த்தர் உம்முடனே' வரை வந்து நின்றுவிட்டாள். யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை; அவளே சொல்லட்டும் என்றிருந்தார்கள் போல. கதவருகில் நின்ற கன்னியப்பன்தான், "பெண்களுக்குள்னு வரும், சொல்லு" என்றார்.

எல்லோரும் திரும்பிப் பார்க்க அவருக்கு வெட்கமாகிவிட்டது. "நான் நெய்துகினு இருப்பேன், இவ சொல்லிகினு இருப்பா. பன்னெண்டு வருசமா கேக்கறேன், வராதா பின்ன?"

செபஸ்தியான் மனைவிதான் முதலில் சிரித்தார். பிலோமினாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்து, மீதி மணிகளை நிறுத்தாமல் சொல்லி முடித்தாள். பிறகு சுண்டலை அவளே எல்லோருக்கும் கொடுத்தாள். பக்கத்துத் தறி வீடுகளில் இருந்தவர்களையும் கூப்பிட்டுக் கொடுத்தாள்.

அன்றிரவு ஸ்டெல்லா அக்கா வீட்டில் படுத்தபோது தெள்ளாரில் என் தெருவை நினைத்துப் பார்த்தேன். கூச்சம் என்று சொல்லி எத்தனை வாசல்களை நிமிர்ந்து பார்க்காமலே கடந்திருக்கிறேன் என்று தெரியவில்லை.

மறுநாள் ஞாயிறு. மாலை ஆறு மணிக்கு பிலோமினாவும் கன்னியப்பனும் சுரூபத்தை மூன்று வீடு தள்ளிக் கொண்டுபோய் வைத்தார்கள். நான் 7.15 பஸ்ஸில் வந்தவாசிக்குத் திரும்பினேன்.