பசியாறத் தாமதமான காலை

ஸ்பிரிட் விளக்கின் சுடரில் சோதனைக் குழாய் சூடேறும்போது எழும் அந்தக் குமட்டும் வாடை எங்கள் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பு, கீழக்கரையில் என் நிலை என்னவாக இருந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கொழும்பில் கடை வைத்திருந்த ஒரு வியாபாரியின் ஒரே மகன் நான். பள்ளிக்கூடத்தில் முதல் மாணவன். மதரஸாவில் பிழையின்றி ஓதி, ஊர்ப் பெரியவர்கள் கையால் பரிசு வாங்கியவன். நோஞ்சான் என்றோ சீக்காளி என்றோ என்னை எவரும் சொன்னதில்லை. பத்தாம் வயதில், எவ்வளவு தண்ணீர் குடித்தும் தாகம் அடங்காமல், சட்டைகளெல்லாம் தொளதொளத்துப் போன பிறகே வாப்பா என்னை மதுரைக்கு அழைத்துச் சென்றார். அங்கே டாக்டர் சொன்ன நோயின் பெயர் அதன்பின், ஒரே ஒரு காலையைத் தவிர, எங்கள் வீட்டில் உரக்கச் சொல்லப்படவே இல்லை.

காரணம் என் அக்கா. எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் ‘லாத்தா’ என்று அழைத்த அவருக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பியின் இரத்தத்தில் ஓடும் நோய் அக்காளின் இரத்தத்திலும் ஓடாதா என்று கேட்க ஊரில் ஆளுக்கா பஞ்சம்? ஆகவே கண்ணாடி ஊசிக்குழலைக் கொதிக்க வைக்கும் நேரத்தில் அடுக்களைக் கதவு தாழிடப்பட்டது; இன்சுலின் புட்டி இருட்டறையில், ஈர மணல் நிரப்பிய பானைக்குள் ஒளிந்திருந்தது; ஸ்பிரிட் வாடையைப் பற்றி விசாரித்த அண்டை வீட்டாருக்கு, உம்மாவின் இடுப்பு வலிக்கான தைலம் என்று பதில் சொல்லப்பட்டது. குழாயிலிருந்த நீல மருந்தோடு என் சிறுநீர்த் துளிகளைச் சேர்த்து உம்மா சூடாக்குவார். நீலம் மாறாமல் நின்றால் சிறுநீரில் சீனி இல்லை, நிம்மதி. பச்சையும் மஞ்சளும் போகப்போகக் கவலை. செங்கல் நிறம் வந்துவிட்டால் உம்மா பேசமாட்டார். அவர் பேசாதிருந்த அந்தக் காலைகளில், என் உயிரின் நிறத்தையே கண்ணால் பார்த்துவிட்டவன்போல நான் விறைத்து நிற்பேன்.

கொழும்புக்குத் திரும்புவதற்கு முன் வாப்பா என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: “சீனி ஒனக்கு நஞ்சு. யாரு குடுத்தாலும், ஒங்க உம்மாவே குடுத்தாலும் வாயத் தொறக்காதே.”

டாக்டர் சொன்ன இன்னொன்றை அவர் என்னிடம் சொல்லவில்லை. ஊசி போட்ட பின் சாப்பாடு தவறி, வேர்த்து நடுங்கினால், அந்த நஞ்சைத்தான் உடனே கொடுக்க வேண்டும் என்பது அது. தெரிந்தால் இனிப்புக்காக நடிப்பான் என்று பயந்து, உம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

லாத்தாவைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் ‘பசியாற’ வருவதாகச் சொல்லியிருந்தார்கள். காலை உணவுக்கு எங்கள் ஊர்ச் சொல் அது. இதோ புறப்பட்டுவிட்டார்கள் என்று ஆள் வந்து சொன்னதும், வழக்கம்போல உம்மா கதவைத் தாழிட்டு எனக்கு ஊசி போட்டார். அரை மணி நேரத்துக்குள் நான் சாப்பிட்டாக வேண்டும். வருகிறவர்களோடு உட்காரட்டும், தனியே சாப்பிட்டால் ஏனென்று கேட்பார்கள் என்பது அவர் எண்ணம். ஆனால் மாப்பிள்ளையின் பெரியம்மா ஒருவருக்காக அவர்கள் வழியிலேயே காத்துக்கொண்டிருந்தார்கள். ஓர் இடியாப்பத்தையாவது தின்னக் கொடுக்கலாமா என்று உம்மா தம் அண்ணனிடம், அதாவது என் மாமாவிடம், தாழ்ந்த குரலில் கேட்டார்.

“தெருமுனைக்கு வந்துட்டாங்க,” என்றார் மாமா. “விருந்தாளிக்கு முந்தி வீட்டுப் புள்ளை தின்னுட்டான்ங்குற பேரு வேணாம். கொஞ்சம் பொறு.”

அவர்கள் வந்து, ஸலாம் சொல்லி, ஆண்கள் முன்கட்டிலும் பெண்கள் உள்ளறையிலும் அமர்ந்து, நலம் விசாரித்து முடிப்பதற்குள் என் உதடுகள் மரத்துவிட்டன. சட்டை முதுகோடு ஒட்டியது. உள்ளறையில் உம்மாவோடு இருந்த எனக்கு, எதிரே இருந்தவர்களின் முகங்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. அவர்கள் பேசியது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்டது. காரணமில்லாத ஒரு கோபம் என்னைப் பிடித்துக்கொண்டது. விருந்துக்குச் செய்த இனிப்பான வட்டலப்பத் தட்டை உதைத்துத் தள்ளியதும், மாப்பிள்ளையின் தாயாரைப் பார்த்து ஏதோ கத்தியதும் எனக்கு ஞாபகமில்லை. கத்தியது தமிழாகவே இல்லை என்று பின்னர் சொன்னார்கள். தரையில் விழுந்தது ஞாபகமிருக்கிறது. எழ வேண்டும் என்று நினைத்தும் என் கை எனக்குக் கட்டுப்படாத அந்தப் பயம், இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் அப்படியே இருக்கிறது.

“புள்ளை மேல என்னமோ சேந்திருக்கு. காரு வெளிய நிக்கிது, இப்பவே ஏர்வாடி தர்காவுக்குக் கொண்டு போங்க,” என்றார் மாப்பிள்ளையின் தாயார். அந்தக் குரலில் பரிவுதான் இருந்தது.

மாமாவின் மனைவியான மாமி குனிந்து உம்மாவின் காதில் சொன்னார்: “ஜின்னு புடிச்சிருக்குண்டே இருக்கட்டும். தீந்து போற காரியம். வேற எதையும் வாயில விட்டுறாதே.”

உம்மா நிமிர்ந்து பார்த்தார். என் தலைமாட்டில் லாத்தா பட்டுச் சேலையோடு நின்றுகொண்டிருந்தார். பிறகு உம்மா, விருந்தாளிகளுக்காக வைத்திருந்த சர்பத் கிளாஸ் ஒன்றை எடுத்து என் தலையை மடியில் தூக்கி வைத்தார். இனிப்பின் மணம் மூக்கில் பட்டதும் நான் பற்களை இறுக்கிக்கொண்டேன். சபையில் மானத்தை வாங்கிவிட்டேன், அதனால் உம்மா என்னைக் கொன்றுவிடப் போகிறார் என்று நிச்சயமாக நம்பினேன். முகத்தைத் திருப்பினேன், அவர் கையைக் கடித்தேன். “வாயத் தொற, மகனே,” என்று கெஞ்சியவர், நான் திறக்காததைக் கண்டு, லாத்தாவிடம் என் மூக்கைப் பிடிக்கச் சொன்னார். மூச்சுக்காக வாய் திறந்தபோது சர்பத் சிறிது சிறிதாக உள்ளே இறங்கியது.

“ஜின்னு இல்ல,” என்றார் உம்மா, எல்லாருக்கும் கேட்கும்படி. “எம் புள்ளைக்குச் சீனி வியாதி. ஊசி போட்டுட்டுப் பசியாறக் குடுக்கல. அதான்.”

என் கண்ணுக்கு முகங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தபோது முதலில் தெரிந்தது, காத்திருக்க வைத்த அந்தப் பெரியம்மாவின் முகம். அவர்தான் சொன்னார்: “ஜின்னுண்டா எறக்கிடலாம். சீனியை எங்கன கொண்டு போய் எறக்குறது?” யாரோ சிரித்தார்கள். தகவல் சொல்லி அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். தகவல் வரவில்லை.

அந்த வாரமே மாமா ஊருக்குள் வேறொரு செய்தியை நடமாட விட்டார்: பையனைப் பிடித்திருந்தது ஜின்தான், ஏர்வாடியில் தங்கவைத்து இறக்கியாகிவிட்டது, தாய் பதற்றத்தில் எதையோ உளறிவிட்டாள். உம்மா அதை மறுக்கவில்லை. மகனின் உயிருக்காகத் தெரிந்தே உடைத்த இரகசியத்தை, மகளின் வாழ்வுக்காக மற்றவர்கள் ஒட்டவைக்கும்போது வாய்மூடி இருந்தார். லாத்தாவுக்குப் பின்னர் வேறொரு நல்ல இடத்தில் திருமணமாயிற்று. நானும் படித்து, கல்லூரியில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றேன். லாத்தா இருந்தவரை இதைப் பற்றி எழுதியதில்லை.

இப்போது கண்ணாடி ஊசிக்குழல் இல்லை, அதன் ஊசியைத் தீட்டிய சாணைக்கல் இல்லை, மணல் பானை இல்லை, நீல மருந்தும் இல்லை. தாழிடப்பட்ட கதவுக்குப் பின்னால் நின்ற உம்மா இல்லை, லாத்தாவும் போய்விட்டார். அண்மையில் எங்கள் குடும்பத்து இளைஞர்கள் சேர்ந்து ஒரு குடும்ப வரலாறு அச்சிட்டிருக்கிறார்கள். சிறுவயதில் எனக்கு இருந்த ‘கோளாறு’ ஏர்வாடியில் முற்றிலும் குணமானதாக அதில் எழுதியிருக்கிறார்கள். அந்தத் தர்காவின் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்த ஆண்டு நான் அங்கே போகவில்லை. என்னைப் பிடித்திருந்தது ஜின் இல்லை. உம்மா உளறவில்லை. நான் குணமாகவும் இல்லை. இன்று காலையிலும் ஊசி போட்டுக்கொண்டேன்.