மூன்றாவது சாத்திரியார்

அம்மா என்னைப் பெற்ற கையோடு கண்ணை மூடிவிட்டாள். சாதகம் பாராமல் விரும்பிக் கட்டியதால்தான் அப்படி நடந்தது என்று அப்பா முடிவு கட்டிக்கொண்டார். மறுகலியாணம் செய்யாமல் அக்காவையும் என்னையும் வெள்ளவத்தையில், கடற்கரையோரம் கோச்சி ஓடும் தண்டவாளத்துக்குக் கிட்ட ஒரு வாடகை வீட்டில் வளர்த்தார். துறைமுகக் கந்தோரில் வேலை. அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கவேண்டும். அதில் யார் என்ன குறை சொல்ல முடியும்? அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். குறை சொல்ல முடிந்திருந்தால் கத்திச் சண்டை பிடித்திருப்பேன்.

எங்கள் ஒழுங்கையின் கடைசித் தொங்கலில் ஒரு சம்மரி இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து தனியே வந்த கிளாக்கர்மார் சேர்ந்து வாடகை கொடுத்து, ஒரே சமையல்காரனிடம் சாப்பிட்டுக் கிடந்த வீடு. அங்கிருந்த ஒருவர் காலைக் கோச்சிக்கு எங்கள் வாசலைத் தாண்டித்தான் போவார். மெலிந்த மனிதர்; குடை இல்லாமல் நான் அவரைக் கண்டதில்லை. அக்கா அந்த நேரம் பார்த்து, முற்றத்தில் வெயிலே விழாத வாசற்பக்கமாகத் துணி காயப்போடுவாள். கேலி செய்தால் ஈரத் துணியால் எனக்கு ஒன்று விழும். இருவரும் ஒரு வார்த்தை கதைத்ததாகத் தெரியவில்லை. அவர் தன் பெரியப்பாவை அனுப்பி முறையாகப் பெண் கேட்டார்.

அப்பாவுக்கும் ஆளைப் பிடித்திருந்தது. இரண்டு சாதகங்களையும் வெள்ளவத்தைச் சாத்திரியாரிடம் கொண்டுபோனார். பொருத்தம் நல்லது என்றார் அவர். மற்றவர்களென்றால் அத்தோடு நாள் வைத்திருப்பார்கள். அப்பா யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி அங்கேயும் ஒருவரிடம் கேட்டார். தாராளமாகச் செய்யலாம் என்று பதில் வந்தது. அக்கா அன்றைக்குப் பயற்றம் பணியாரம் சுட்டாள். அதைச் சாப்பிட்டுக்கொண்டே அப்பா, "கொட்டாஞ்சேனையிலை ஒருத்தர் வலு கெட்டிக்காரராம். அவரிட்டையும் ஒருக்காக் காட்டிப்போட்டு வாறன்" என்றார்.

நானும் கூடப் போனேன். புடவைக் கடையொன்றின் மேல்மாடி. துறைமுகத்துக் கப்பல்களின் சங்கு காதை அடைத்தது. அந்த மனிதர் வெகுநேரம் கணக்குப் போட்டார்.

"பொருத்தம் இருக்கு. ஆனா மாப்பிள்ளையின்ரை ஆயுளைத்தான் கொஞ்சம் யோசிக்கோணும்."

அவ்வளவுதான். செய்யாதே என்று அவர்கூடச் சொல்லவில்லை. ஆனால் அப்பாவின் முகம் செத்துவிட்டது. மற்ற இரண்டு பேரும் சொன்னது வீடு வந்து சேர்வதற்குள் அவருக்கு மறந்தே போயிற்று.

அப்பாவுக்கு எதிராக வாய் திறக்காத அக்கா அன்றைக்குத் திறந்தாள்.

"எனக்கு அவரைத்தான் விருப்பம், அப்பா. நடக்கிறது நடக்கட்டும்."

"என்ரை பிள்ளை ஒரு நாளும் கண் கலங்கக் கூடாது. நான் பட்டது போதும்."

அக்கா கண் கலங்கித்தான் நின்றாள். "அம்மாவோடை இருந்த அந்தக் கொஞ்சக் காலம் நீங்கள் சந்தோஷமா இருக்கேல்லையோ?"

அப்பா சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டார். மறுநாள் மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்குச் சரிவராது என்று சொல்லியனுப்பினார்.

அந்தக் குடைக்கார மனிதர் கண்டிக்கு மாற்றலாகிப் போனார். அக்கா வெயில் விழும் இடத்தில் துணி காயப்போடத் தொடங்கினாள். அப்பா தேடிய குறையில்லாத சாதகம் கடைசிவரை வரவில்லை. "எனக்காக இவளையும் மறிச்சு வைச்சிருக்காதேங்கோ" என்று அக்காதான் பிடிவாதம் பிடித்து என்னைக் கட்டிக்கொடுத்தாள். அப்பா களைத்துப்போயிருந்தபடியால் முதல் சாத்திரியாரோடு நிறுத்திக்கொண்டார். நானும் என் மனுசனும் சட்டிபானை பறக்கச் சண்டை பிடித்திருக்கிறோம், வயிறு நோகச் சிரித்துமிருக்கிறோம். அதற்குப் பெயர் சந்தோஷமா என்று யோசிக்க எனக்கு நேரம் இருக்கவில்லை. அதை விரும்புவதில் பிழையில்லை என்றுதான் நினைக்கிறேன். அப்பா அதற்குப் பிணை கேட்டார். பிணை யார் தருவார்கள்?

உலக யுத்தம் முடிந்த காலத்தில் புறக்கோட்டையில் அந்தச் சம்மரி மனிதரைக் கண்டேன். தலை நரைத்திருந்தது. கையில் குடை. மனைவி கடைக்காரனிடம் சிங்களத்தில் விலை பேசிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் அவளுடைய சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"அக்கா சுகமோ?" என்று மெல்லக் கேட்டார்.

"ஓம்" என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல?

நேரே வெள்ளவத்தைக்குப் போனேன். "அக்கா, அவர் கல்லுப்போல இருக்கிறார். அந்தக் கொட்டாஞ்சேனை ஆளைப் பிடிச்சு..." அக்கா என் வாயைப் பொத்தினாள்.

"சுகமா இருக்கிறாரோ?"

தலையாட்டினேன். அவள் சிரித்தாள், அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. பிறகு உள்ளே படுக்கையில் கிடந்த அப்பாவை எட்டிப் பார்த்துவிட்டு, "அவருக்குச் சொல்லிப்போடாதை. பாவம், நிம்மதியாக் கிடக்கிறார்" என்றாள்.

அந்த மாரியில் அப்பா போனார். போவதற்குச் சில நாட்கள் முந்தி, ஒரு மத்தியானம், அக்கா அவருக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தாள். நான் கால்மாட்டில் இருந்தேன்.

"பிள்ளை, உன்னை நான் கண் கலங்க விடேல்லைத்தானே?"

அக்கா கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். சேலைத் தலைப்பால் அவருடைய வாயைத் துடைத்தாள்.

"இல்லை அப்பா. ஒரு நாளும் இல்லை."

சாத்திரிமாரிடம் கேட்டுத் திரிந்த பிணை அன்றைக்குத்தான் அப்பாவுக்குக் கிடைத்தது. "அது போதும்" என்று சொல்லிவிட்டு அப்படியே நித்திரையானார். மிச்சக் கஞ்சியை, ஆறிப்போன பிறகு, அக்கா குடித்தாள்.