அளவு தப்பிய பட்டை

பத்து வயதில் எனக்குத் தோள்வலி வந்தது. வலித்தது என்னவோ அத்தைக்கு; வைத்தியம் பார்த்துக்கொண்டது நான். இது எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டுமானால் முதலில் அத்தையின் கிதாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. பகலில் திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஒரு கூரியர் ஆபீசில் வேலை. சாயந்திரமானால் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிதார். பாட்டுக்கு அடியில் தும் தும்மென்று போய்க்கொண்டிருக்குமே, அந்த நாலு கம்பிக் கிதார். பாடுகிறவர்களுக்குக் கைதட்டல் கிடைக்கும், டிரம்ஸ்காரருக்கு விசில் கிடைக்கும். பேஸ் கிதாரை நிறுத்தினால்தான் அப்படி ஒன்று இவ்வளவு நேரம் இருந்தது என்பதே கூட்டத்துக்குத் தெரியும். அத்தைக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. அது கையில் இருந்தால் போதும், சோறு தண்ணி வேண்டாம்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஓர் ஆணியில் அது தொங்கும். இறக்கி என் மடியில் வைத்தால் கால் மரத்துப்போகும், அத்தனை கனம். கிதாரின் மேல் பக்கம் ஒரு குமிழ், அடியில் ஒரு குமிழ். பட்டையின் இரண்டு முனையிலும் இருக்கும் ஓட்டையை அந்தக் குமிழ்களில் மாட்டித் தோளில் போட்டுக்கொள்ள வேண்டும். கடையில் வாங்கிய பட்டை அறுந்துபோனபோது, கன்டெய்னர் யார்டில் வேலை பார்த்த அப்பா, சரக்கு கட்டும் மஞ்சள் நைலான் பட்டையில் ஒரு துண்டு கொண்டுவந்து, பழுக்கக் காய்ச்சிய ஆணியால் ஓட்டை போட்டுக் கொடுத்தார். அப்பாவுக்கு அதில் ஏகப் பெருமை. "லாரி லோடையே தாங்குது, இத்த தாங்காதா?" என்றார். கிதாரைத் தாங்கியது. அத்தையின் தோள்தான் தாங்கவில்லை.

போதாததற்கு அத்தை கிதாரைத் தொடை வரைக்கும் தொங்கவிட்டு வாசிப்பாள். அப்படி வாசித்தால்தான் ஸ்டைல் என்று குழுவில் எல்லோருக்கும் எண்ணம். அவ்வளவு கீழே தொங்கினால் இடது மணிக்கட்டை ஒரேயடியாக மடக்கித்தான் கம்பியைப் பிடிக்க முடியும். ஆடி மாதம் வந்தால் எங்கள் பக்கம் தெருவுக்கு ஓர் அம்மன், அம்மனுக்கு ஒரு கச்சேரி. அந்த வருடம் பாதி ஆடிக்குள் அத்தையின் மணிக்கட்டு வீங்கிவிட்டது. தோளில் சிவப்பாக ஒரு கோடு. காலையில் கையைத் தூக்கித் தலை சீவ முடியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு நான்தான் பின்னிவிடுவேன்.

கதவைச் சாத்தியது தாத்தாவுக்காக. தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கி, முதுகு போய், வீட்டோடு உட்கார்ந்தவர். அத்தை கிதார் வாங்கிய அன்றே ஒரு சட்டம் போட்டிருந்தார். "வாசி, வேணான்னு சொல்ல மாட்டேன். ஆனா கையி வலிக்குது, தோளு வலிக்குதுன்னு ஒரு வார்த்த என் காதுல வுழுந்துது, அன்னியோட அந்தக் கிதார ஏறக்கட்டிடணும். ஒடம்பக் கெட்த்துகினு சோறு துன்னது இந்த வூட்ல நான் ஒர்த்தன் போதும்." தாத்தா சொன்னால் சொன்னதுதான். அதனால் அத்தையின் வலி தெரிந்த ஆள் வீட்டில் நான் மட்டும் என்று நாங்கள் இருவரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

ஒரு சாயந்திரம் குளியலறையில் அத்தை வெந்நீரில் கையை முக்கி எடுத்துத் தைலம் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தாள். தைலம் எங்கே சொன்ன பேச்சைக் கேட்கிறது, வாசல் வரைக்கும் மணந்தது. கட்டிலில் இருந்த தாத்தா, "இன்னா தைல வாசன? யாருக்கு இன்னா?" என்றார். அத்தை தைலப் புட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். எனக்கு என்ன தோன்றியதோ, முந்திக்கொண்டேன். "எனக்குத்தான் தாத்தா. தோளு வலிக்குது."

அதிலிருந்து ஒரு வாரம் என்னைப் படாதபாடு படுத்திவிட்டார்கள். விளக்கெண்ணெய் குடித்தேன். தவிட்டு ஒத்தடம் கொடுத்தார்கள். பி.டி. வகுப்பில் ஓரமாக உட்காரவைத்தார்கள். கடைசியில் தாத்தா என்னை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக் காத்திவாக்கத்தில் எலும்பு வைத்தியம் பார்க்கும் ஒருவரிடம் கூட்டிப்போனார். அவர் இடது தோளை அமுக்கியதும் அலறினேன். வலது தோளை அமுக்கினார். எதற்கும் இருக்கட்டும் என்று அதற்கும் அலறினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தாத்தாவிடம், "புள்ளைக்கு ஒண்ணியும் இல்ல பெரியவரே, பொஸ்தகப் பையி கனமா இருக்கும்" என்றார்.

மறுநாளிலிருந்து என் பையைத் தாத்தா தூக்கிக்கொண்டு வந்தார். பூப்போட்ட ரோஸ் பை. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ரெண்டு வீடு நடப்பதும் நின்று மூச்சு வாங்குவதுமாகப் பள்ளிக்கூடம் வரைக்கும் வருவார். பின்னால் நடந்த எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உண்மையைச் சொன்னால் அத்தையின் கிதார் போய்விடும். சொல்லாவிட்டால் தாத்தாவின் முதுகு போய்விடும். பத்து வயதுக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

இதற்கிடையில் அத்தை போனில் ஒரு வீடியோ பார்த்தாள். வெளிநாட்டு பேஸ் கிதார்க்காரர் ஒருவர் கை வலிக்காமல் வாசிப்பது எப்படி என்று சொல்லித் தந்தார். கிதாரை வயிற்றுக்கு நேராக ஏற்றிக் கட்டிக்கொள்ள வேண்டும், மணிக்கட்டு மடங்கக் கூடாது, பட்டை அகலமாக இருக்க வேண்டும், வாசிப்பதற்கு முன் விரல்களைச் சூடுபடுத்திக்கொள்ள வேண்டும், பாட்டுக்குப் பாட்டு கையைத் தளரவிட வேண்டும். சமையலறையில் நின்று அத்தை இதை என்னிடம் குசுகுசுவென்று சொன்னாள். "வயித்துக்கு நேரா தூக்கிக் கட்டணுமாம்டி. கொயந்தைய இடுப்புல வெச்சிகினு போற மாரி கீது. டிரம்ஸ் அண்ணன் சிரிப்பாரு." திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் அம்மா தையல் மிஷினில் இருந்தாள். மிஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்ற தைரியம். நடுவில் மிஷின் கொஞ்ச நேரம் நின்றது. நூல் அறுந்திருக்கும் என்று நினைத்தேன்.

அம்மாவுக்குப் பகலில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல். வீட்டுக்கு வந்தால் அக்கம்பக்கத்து ஜாக்கெட்டுகள். அவள் தைத்த ஜாக்கெட்டை யாரும் பிரித்துத் தைக்கக் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை. அவளிடம்தான் தாத்தா சொன்னார், "பாப்பா பையில கீற பட்ட கயிறு மாரி அறுக்குதும்மா. நல்லா அகலமா, மெத்துனு ஒண்ணு தெச்சிப் போடு." அம்மா, "சரி மாமா" என்றாள். அன்று சாயந்திரம் இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு அவள் கூப்பிட்டது அத்தையை. தோளிலிருந்து வயிறு வரைக்கும், அப்புறம் முதுகைச் சுற்றிச் சாய்வாக இடுப்பு வரைக்கும் அளந்தாள்.

"இன்னா அண்ணி இது?"

"ஜாக்கெட்டு."

"ஜாக்கெட்டுக்கு எதுக்கு வயித்த அளக்கிற?"

"புது மாடலு. ஆடாம நில்லு."

என் பட்டை இரண்டு நாளில் தயாராகிவிட்டது. கறுப்பு ஜீன்ஸ் துணி, உள்ளே பஞ்சு, ஓர் உள்ளங்கை அகலம். முனைகளில் அப்பாவின் பழைய செருப்புத் தோலை வைத்துத் தைத்து, இரண்டிலும் பட்டன் மாட்டும் ஓட்டை போல அழகாக ஒவ்வொரு காஜா எடுத்திருந்தாள். நீளத்தைக் கூட்டவோ குறைக்கவோ வளையம் எதுவும் கிடையாது. பையின் மேல் வைத்துப் பார்த்தால், போட்டுக்கொண்டு நடந்தால் பை தெருவைப் பெருக்கிக்கொண்டே வரும்போல இருந்தது. "அம்மா, அளவு தப்பு" என்றேன். அம்மா திரும்பிப் பார்த்து, "அட, ஆமாண்டி" என்றாள். அதைக் கிதார் தொங்கிய ஆணியிலேயே மாட்டிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப்போனாள்.

அந்த ஆணியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. அத்தையை இழுத்துவந்து பட்டையைக் கிதாரில் மாட்டச் சொன்னேன். காஜா இரண்டும் குமிழ்களில் கச்சிதமாக உட்கார்ந்தன. கிதார் அத்தையின் வயிற்றுக்கு நேராக வந்து நின்றது. கீழே இறக்க முடியுமா என்று அத்தை இழுத்து இழுத்துப் பார்த்தாள், முடியவில்லை. மணிக்கட்டு மடங்காமல் நேராக இருந்தது. அத்தை என்னைக் கட்டிக்கொண்டு, "உனுக்கு எப்டிடி இப்டி மூள வேல செய்யுது?" என்றாள். எனக்கே அந்தக் கேள்வி இருந்தது. அப்படிப்பட்ட மூளைக்காரியாக நான் ரொம்ப நாள் நடமாடினேன்.

ஆடியின் கடைசிக் கச்சேரி ராயபுரத்தில். வீட்டில் எல்லோரும் போயிருந்தோம். மேடைக்குப் பின்னால் பிளாஸ்கில் கொண்டுபோன வெந்நீரில் அத்தை விரல்களை முக்கி எடுத்தாள். கிதாரை ஏற்றிக் கட்டிக்கொண்டு அவள் வந்து நின்றதும் டிரம்ஸ்காரர் சிரிக்கத்தான் செய்தார். அத்தை காதில் வாங்கவில்லை. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் கைகளைத் தொங்கவிட்டு உதறிக்கொண்டாள். கடைசிப் பாட்டு வரைக்கும் முகம் சுளிக்காமல் வாசித்தாள். மறுநாள் காலை தன் தலையைத் தானே சீவிக்கொண்டாள். அன்றைக்கே என் தோள்வலியும் போய்விட்டது; பையை நானே தூக்கிக்கொண்டேன். எல்லாம் விளக்கெண்ணெயின் மகிமை என்றார் தாத்தா.

கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது தாத்தா மேடையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்தப் பட்டைய எங்கியோ பாத்த மாரி கீதே" என்றார். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். அம்மா மேடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பாப்பா பையிக்கு தெச்சது மாமா. அளவு தப்பிப் போச்சு. அதான் அதுக்குக் குட்த்துட்டோம்."

"தப்பவா? அதுக்கு அளவாத்தான கீது" என்று சொல்லிவிட்டுத் தாத்தா வேர்க்கடலையைத் தின்னத் தொடங்கினார்.

எனக்கு அம்மாவை நினைத்து வருத்தமாகிவிட்டது. தெருவே மெச்சும் தையல்காரி, சொந்த மகளின் பைக்கு அளவெடுக்கத் தெரியாமல் மாமனாரிடம் இப்படி ஒத்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டதே. திரும்பி வரும் வழியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னேன். "வுடும்மா. அடுத்த தபா கரெக்டா தெச்சிடலாம்." அம்மா, "சரிடி" என்றாள்.

பள்ளிக்கூடப் பையின் பட்டைக்குக் காஜா எதற்கு என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை. அத்தைக்கு அளவெடுத்த அந்தப் புது மாடல் ஜாக்கெட் எங்கே என்றும் நான் கேட்கவில்லை.