மிஸ் எஸ்மின் வாசித்த பக்கம்

1974 மார்ச் 3, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் நான்கு மணி பத்து நிமிடம். கடலோர ஊரான புளூஃபீல்ட்ஸில், மொரேவியன் கிறிஸ்தவ சபையார் ஆலயத்தில் ஒன்றாக உட்கார்ந்து பன் பகிர்ந்து உண்ணும் அன்பின் விருந்தில், வெள்ளை உடுப்பணிந்து, வரிசை வரிசையாகத் தேங்காய்ப்பால் பன் கொடுத்துக்கொண்டு வந்த எஸ்மின் ஓமியரை அப்போதுதான் முதன்முதலாகக் கண்டேன். பக்கத்து ஊரான பேர்ல் லகூனிலிருந்து மாற்றலாகி வந்திருந்த ஆசிரியை நான்.

"டீச்சரம்மா, சின்னதா எடுத்து நல்ல பேரு வாங்கப் பாக்காதீங்க. பெருசுதான் மேல இருக்கு," என்றாள்.

பன் கொடுக்கும் பெண்களைச் சபையே பொறுக்கி எடுக்கும். பெயரில் கீறல் விழுந்தவளுக்கு அந்த வெள்ளை உடுப்பு இல்லை. சந்தையில் மீன் விற்றுப் பிழைத்த எஸ்மினுக்கு ஊரில் அதைத் தவிர வேறு மதிப்பு எதுவும் கிடையாது.

ஈஸ்டருக்கு முந்தைய அந்த லெந்து நோன்பு நாட்களில் பாஸ்டர் கத்பர்ட் பெண்கள் ஜெபக்குழுவுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். தினமும் அன்றைய வசனத்தை எழுதி, அதன் கீழே, ஆத்துமா எங்கே இடறியது என்று எழுத வேண்டும். அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்துக்கு முந்தின வாரத்தில் ஆளுக்கொரு பக்கம் வாசிக்க வேண்டும்.

"இங்க வாசிக்கிறது இந்த அறைய விட்டுப் போகாது. அதுக்கு நான் பொறுப்பு," என்றார்.

நாங்கள் விவரமானவர்கள். ஜெபத்தில் தூங்கியதாக வாசித்தோம். எஸ்மின் எழுந்து வாசித்தாள்: "பக்கத்து வீட்டு வெல்டாவின் மகன் கடலில் மூழ்கிப் போனான் என்று கேட்டவுடன் என் மனதில் முதலில் எழுந்தது திருப்தி. என் மகள் தகப்பன் பெயர் சொல்லாமல் பிள்ளை பெற்றபோது வெல்டா சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்தது. கர்த்தாவே, என்னை மன்னியும்."

துக்க நாட்களில் அதே வெல்டாவின் வீட்டுக்கு அவள் சூப்புப் பானை சுமந்ததை எல்லோரும் அறிவோம். அதை அவள் எழுதியிருக்கவில்லை.

எங்களில் யாரோ வெளியே சொல்லிவிட்டோம். மறுநாள் வெல்டா சந்தையில் எஸ்மினின் மீன் கூடைக்கு முன்னால் வந்து நின்றாள். "எம் புள்ள செத்ததுல ஒனக்கு வயிறு குளுந்துச்சாடி? அந்தக் கையாலயே எனக்கு சூப்பும் ஊத்தினியே!"

"ஆமா வெல்டா, நெனச்சேன். பாவம்னுதான் எழுதினேன்."

"எழுதினாளாம்! வேதத்துல நிருபம் எழுதின பெரிய பவுல் அப்போஸ்தலன்!" என்றாள் இறால் விற்கிறவள். சந்தை சிரித்தது.

சமாதானத்தின் பொருட்டு என்று சொல்லிப் பாஸ்டர் வெள்ளை உடுப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார். எஸ்மின் அவர் வீட்டுக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன்.

"நீங்க எழுதச் சொன்னீங்க பாஸ்டர். நீங்கதான் வாசிக்கவும் சொன்னீங்க."

"வாஸ்தவம் சிஸ்டர். வாக்குக் குடுத்தவன் நான். ஈஸ்டர் அன்னிக்குச் சபைக்கு முன்னால நானே சொல்லிடறேன், தப்பு என் மேலதான்னு."

ஈஸ்டர் வந்தது. வெல்டாவின் அண்ணன் சபையின் மூப்பர். ஆலயத்துக்குக் கூரைத் தகடு போட்டுக் கொடுத்தவர். பாஸ்டர் உயிர்த்தெழுதலைப் பற்றி மட்டும் பேசினார். அடுத்த ஈஸ்டரிலும் அப்படியே. எஸ்மின் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். பயிற்சி நிற்கவில்லை, அந்த அறையில் ஜெபத்தில் தூங்கியவர்கள் மட்டுமே மிஞ்சினோம்.

சில ஆண்டுகள் கழித்துப் பாஸ்டர் மாற்றலாகிப் போனபோது, படகுத் துறையில் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துக்கொண்டு வந்தார். சபையில் பாதி அங்கே நின்றது.

"இன்னும் எழுதுறீங்களா சிஸ்டர்?"

"எழுதுறேன் பாஸ்டர். வாசிக்கிறதில்ல."

அவர் அவள் கையை விடாமல் நின்றார். அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், தப்பு தன் மேல்தான் என்று அங்கேயே எல்லோர் முன்னாலும் சொல்லியிருப்பார் என்றுதான் எனக்குப் பட்டது.

"பின்னால ஆளுங்க நிக்கிறாங்க பாஸ்டர்," என்று எஸ்மின் கையை உருவிக்கொண்டு நகர்ந்தாள்.