லாரி டியூப்பும் மூன்று தங்கமீன்களும்

போன வாரம் பெங்களூர் பஸ்ஸிலிருந்து எனக்கு ஒரு வம்பு வந்து இறங்கியது. ஒரு கண்ணாடித் தொட்டி, தூக்குச்சட்டியில் மூன்று தங்கமீன்கள், ஒரு எலெக்ட்ரிக் காற்றுப் பம்ப். அனுப்பியவன் என் மச்சினன். கூடவே கடிதம்: 'தண்ணீரில் குமிழி வந்துகொண்டே இருக்க வேண்டும். நின்றால் மீன் பிழைக்காது. ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன்.'

பம்பில் நீளமாக ஒயர் இருந்தது. அதைச் செருகத்தான் வீட்டில் இடமில்லை. ஓசூருக்குக் கரண்ட் வந்தது உண்மை. ஆனால் எங்கள் தெருமுனைக் கம்பத்தோடு நின்றுவிட்டது. 'வீட்டுக்கே வந்தாச்சு' என்று மச்சினனுக்கு ஜம்பமாக எழுதியவன்... வேறு யார், நான்தான்.

மறுநாளே மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. பெங்களூர் மீன்களுக்குத் தமிழ் புரியாதாம் — கன்னடத்தில்தான் கொஞ்சுவாள். எனக்கு மட்டும் தமிழ்.

"ஏங்க, பேப்பர்ல ஊருக்கெல்லாம் யோசனை சொல்றீங்க. இதுங்களுக்கு ஒண்ணு பண்ணுங்க."

பஞ்சர் கடை பாயிடம் ஓடினேன். கேட்டுவிட்டு அவர் சிரிக்கவில்லை. அதுவே பெரிய மரியாதை.

"மீனுக்குக் காத்துதானே சார் வேணும்? கரண்டா வேணும்?" என்றபடி, குந்தாரப்பள்ளி சந்தைக்கு மாடு ஏற்றிப்போகும் லாரியின் பழைய டியூப் ஒன்றோடு வீட்டுக்கே வந்துவிட்டார். சைக்கிள் பம்பால் காற்றடித்து, மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றைப் பொருத்தி, மறுமுனையைத் தொட்டிக்குள் விட்டோம்.

குமிழியா வந்தது? புயல். ஒரு மீன் தொட்டியைத் தாண்டி என் மடியில் விழுந்தது. அதைத் திரும்பத் தண்ணீரில் விடுவதற்குள் எனக்கே மூச்சு நின்றுவிட்டது.

மனைவி தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவினாள். குழாயை மடித்து, மடிப்பில் மாட்டினாள். புயல் அடங்கிக் கடுகு கடுகாகக் குமிழி வந்தது.

"அம்மாதான் சார் இன்ஜினீயரு," என்றார் பாய்.

கலங்கிய தண்ணீரை மணலும் கரியும் போட்ட ஓட்டைப் பானையில் வடிகட்டுவதும் அவள் ஏற்பாடுதான். வடிப்பது நான்.

பம்ப் வாங்கப் போனால் எவ்வளவு வேகம் என்றுதானே கேட்கிறோம்? எவ்வளவு மெதுவாக ஓடும் என்று என்றைக்காவது கேட்டிருக்கிறோமா? வீட்டுக்குள் வைப்பதற்கு அதுதான் முதல் கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்தான். மூன்று மீனும் சுகமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. டியூப்பைப் போர்வையால் மூடி, ஒன்றும் தெரியாதவன் போல் நின்றேன்.

"பம்ப் நல்லா ஓடுதா அக்கா?"

என் மனைவி என்னைக் கை காட்டினாள்.

"ஓ, ஓடுதே. காலைல ஆபீஸ் போறதுக்கு முன்னாடி நூறு அடி, சாயங்காலம் வந்ததும் நூறு அடி. காப்பி மட்டும் ஊத்துனா போதும்."