கொல்லையில் கிடந்த வெள்ளிக் காசுகள்

எனக்குப் பதினோரு வயதிருக்கும்போது, திருவிடைமருதூரில் பெரியம்மா வீட்டுக் கொல்லையை அம்மா தோண்டினாள். கூலிக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று அப்பா சொல்லியும் கேட்காமல், தன் கையாலேயே தோண்டினாள். நான் அதைப் புதையல் வேட்டை என்று நினைத்து, பள்ளிக்கூடத்தில் பாதிப் பேரிடம் சொல்லிவைத்திருந்தேன்.

பெரியம்மா, அம்மாவின் கூடப்பிறந்த அக்கா. கீழ்வேளூர்ப் பக்கம் அவர்களுடைய கிராமத்தில் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். அதனால் அம்மா பதினொன்றாம் வகுப்புக்கு, கல்யாணமாகிப் போன அக்கா வீட்டில் தங்கிப் படித்தாள். பாதி வருடத்தில், அக்காவின் மாமியார் பூஜை அறையில் வைத்திருந்த பழைய வெள்ளிக் காசுகள் காணாமல் போயின. அந்த வீட்டில் வெளியாள் அம்மா ஒருத்திதான். திருடி என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லையாம். பெட்டியை மட்டும் கட்டிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார்கள். படிப்பு அதோடு நின்றது.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அப்போது நான் கண்டது ஒன்றுதான். பெரியம்மா வீட்டில் அம்மா எந்த அலமாரியையும் தொடமாட்டாள். சமையலுக்கு உதவப் போனாலும், உப்பைக்கூடக் கேட்டுத்தான் வாங்குவாள்.

பெரியம்மாவின் பேரனுக்குக் காதுகுத்து நடந்தது. பந்தியில், கொல்லையில் புதிதாக ஒரு போர்ஷன் கட்டப்போவதைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒரு வாரம் கழித்து ஜேசிபி வருகிறது என்றார் பெரியம்மாவின் மகன். எனக்கு அண்ணன் முறை. பேச்சோடு பேச்சாக, "தோண்டும்போது பார்த்துத் தோண்டணும். நான் புதைச்ச புதையல் ஒன்னு அங்க கிடக்கு" என்று சிரித்தார். சின்ன வயதில் பாட்டியின் வெள்ளிக் காசுகளை ஒரு டப்பாவில் போட்டு விளையாட்டாகப் புதைத்தாராம். மறுநாள் தேடினால் இடம் மறந்துவிட்டதாம். அடிவிழும் என்று வாயே திறக்கவில்லையாம்.

பந்தியே சிரித்தது. பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா, வாளியைக் கீழே வைத்துவிட்டாள்.

"கொல்லையில எந்தப் பக்கம்?" என்றாள்.

"அதான் தெரியலையே சித்தி."

அப்பா தஞ்சாவூரில் பாலிடெக்னிக் வாத்தியார். அவருடைய மாணவர்கள் ப்ராஜெக்டுக்காக ஒரு மெட்டல் டிடெக்டர் செய்திருந்தார்கள். பிவிசி குழாயின் முனையில் ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதற்குள் செம்புக் கம்பிச் சுற்று. கீழே உலோகம் இருந்தால் கீச்சென்று கத்தும். அம்மா அன்றைக்கே கேட்டுவிட்டாள். அப்பா அனுமதி வாங்கி எடுத்து வந்தார். ஜேசிபி வருவதற்கு முந்தின நாள், அதைப் பழைய போர்வையில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் போனோம்.

அப்பா தட்டை மண்ணை ஒட்டி வீசிக்கொண்டே நடந்தார். கத்திய இடத்திலெல்லாம் அம்மா கடப்பாரையைப் போட்டாள். முதலில் மாட்டு லாடம் வந்தது. பிறகு சைக்கிள் பெல்லின் மூடி. பிறகு ஆணி, ஆணி, ஆணி. ஒவ்வொரு தடவையும் நான் பாய்ந்து போய் எட்டிப் பார்த்தேன். மத்தியானத்துக்குள் எனக்குப் புதையல் அலுத்துவிட்டது.

"விடுடி. எப்பவோ நடந்தது" என்றாள் பெரியம்மா, பின்வாசலில் நின்றபடி. "வெயில்ல கிடந்து என்னத்துக்கு? சாப்பிட வா."

"இருந்தா எடுத்துக் குடுத்துட்டு வரேன்க்கா."

அண்ணன் முகத்தில் சிரிப்பு போயிருந்தது. அப்பாவைத் தனியே அழைத்து ஏதோ கேட்டார். அப்பா தணிந்த குரலில் சொன்னார். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மண்வெட்டியோடு அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து தோண்ட ஆரம்பித்தார்.

வெயில் தாழ்ந்த நேரத்தில், வாழைக்கு அந்தப் பக்கம் டிடெக்டர் மறுபடி கத்தியது. முழங்கை ஆழத்தில் ஒரு பவுடர் டப்பா இருந்தது. தொட்டதும் துருவாக உதிர்ந்தது. உள்ளே கரி மாதிரி கறுத்த வட்டங்கள். நான் "காசு! காசு!" என்று குதித்தேன். அம்மா குதிக்கவில்லை. புடவைத் தலைப்பில் அள்ளிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். பெரியம்மாவிடம் புளி கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். வெள்ளி வெளியே வரும்வரை விடவில்லை. பிறகு பின்வாசலுக்கு வந்து, ஈரத்தோடு அக்காவின் கையில் கொட்டினாள்.

"உங்க வீட்டுக் காசு. பார்த்துக்க."

பெரியம்மாவின் கண் கலங்கிவிட்டது. அம்மாவின் கன்னத்தைத் தடவினாள். "நீ எடுத்திருக்க மாட்டேன்னு எனக்கு அப்பவே தெரியும்டி" என்றாள். "மாமியார் முன்னாடி எப்படி வாயத் தொறக்கிறது, சொல்லு."

எனக்கு அது ரொம்ப நல்ல வார்த்தையாகப் பட்டது. அம்மா சிரிப்பாள் என்று அவள் முகத்தைப் பார்த்தேன். காலையிலிருந்து கடப்பாரையோடு நின்றவள், அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பவே தெரியுமா?" என்றாள்.

பெரியம்மா ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

காபி வந்தது. அம்மா டம்ளரைத் தொடவில்லை. போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் தெருவில் இறங்கி நடந்தாள். அண்ணன் பஸ் நிற்கும் இடம்வரை பின்னாலேயே வந்தார். அவரிடம் மட்டும், "உன்மேல கோவம் இல்லடா, அப்ப நீ குழந்தை" என்றாள்.

பஸ் பாபநாசம் தாண்டியபோதும் அம்மா அழுதுகொண்டிருந்தாள். வெளியே குறுவை நடவு முடிந்த வயல்கள் ஓடின.

"பெரியம்மா நல்லதாத்தானே சொன்னாங்க? ஏம்மா அழுவுற?" என்று கேட்டேன்.

மடியில் விரிந்து கிடந்த அவள் உள்ளங்கைகளை அப்போதுதான் பார்த்தேன். கொப்புளங்கள் உடைந்து சிவந்திருந்தன. ஓ, இதற்குத்தான் அழுகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. தஞ்சாவூர் வரும்வரை அந்தக் கைகளை ஊதிக்கொண்டே வந்தேன்.